பிள்ளைக்கு எண்ணெய் பூசிப் பிடித்துவிடுவது: கை எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும்?

[காட்சி: வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட். தரையில் பாய், மேலே தடித்த துவாய், சின்னக் கிண்ணத்தில் எண்ணெய்.]

வணக்கம். கைக்குழந்தைக்கு வீட்டிலேயே எண்ணெய் பூசிப் பிடித்துவிடுவது எப்படி என்று இன்றைக்குப் பார்ப்போம். நம் வீடுகளில் இது புதிதில்லை. அம்மம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வார்ப்பார். அந்தப் பழக்கம் இருக்கட்டும். அதில் இருக்கும் பலத்தை மட்டும் குறைத்துக்கொள்வோம்.

முதலில் நேரம். பால் குடித்து அரை மணி, முக்கால் மணியாவது போகட்டும். இல்லாவிட்டால் கக்கிவிடும். கொழும்பு வெக்கையில் குளிருக்கு என்ன பயம் என்று நினைப்போம். ஆனால் வெற்றுடம்பில், தலைக்கு மேல் ஃபேன் சுற்றினால் பிள்ளைக்குக் கூதல் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்குரு போட்டிருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் வேண்டாம்.

வாசனை சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெயே போதும். கடுகெண்ணெய் தோலை எரிக்கும். ஒலிவ் எண்ணெய் விலை கூடியது என்பதால் நல்லது என்று நினைக்க வேண்டாம். அதில் அதிகமுள்ள ஒலீயிக் அமிலம் பிஞ்சுத் தோலின் காப்பைத் தளர்த்தக்கூடியது. கற்பூரம் கலந்த எண்ணெய், தைலம் (balm) எதையும் கிட்டவே கொண்டுவராதீர்கள். கைக்குழந்தைக்கு அதனால் வலிப்புக்கூட வரலாம். எந்த எண்ணெயானாலும் முதல் நாள் பிள்ளையின் கையில் ஒரு துளி தடவி, மறுநாள் வரை சிவக்கிறதா என்று பாருங்கள்.

[காட்சி: மோதிரம், காப்பு கழற்றப்படுகிறது. அரைத் தேக்கரண்டி எண்ணெய் உள்ளங்கையில் தேய்க்கப்படுகிறது.]

இப்போது அழுத்தம். கண்ணை மூடி, உங்கள் இமைமேல் விரலை வைத்து உறுத்தாமல் அழுத்திப் பாருங்கள். அவ்வளவுதான். அதைவிட லேசாக வருடினால் கூச்சத்தில் நெளியும்.

காலில் தொடங்குங்கள்; பிள்ளைகள் பொதுவாக முதலில் விட்டுக்கொடுக்கும் இடம் அதுதான். தொடையிலிருந்து பாதம் வரை ஒரு கை வழுக்கி இறங்க, மற்றக் கை பின்தொடரட்டும். பாதத்தில் பெருவிரலால் சின்ன வட்டங்கள். கைகளுக்கும் இதேபோல. முஷ்டி மூடியிருந்தால் பிரிக்க வேண்டாம், அதுவாகத் திறக்கும்.

[காட்சி: வயிறு, கிட்டவாக. மேலே மணிக்கூட்டு முள் திசையில் ஓர் அம்புக்குறி.]

வயிற்றில்தான் திசை முக்கியம். பிள்ளையின் வலது பக்க அடிவயிற்றிலிருந்து மேலேறி, குறுக்கே போய், இடது பக்கமாக இறங்குங்கள். பெருங்குடல் போகும் வழியும் அதுதான். வாயு அந்தப் பக்கமாகவே வெளியேறும். பிறகு இரண்டு முழங்காலையும் மெதுவாக மடித்து வயிற்றோடு சில விநாடி வைத்திருங்கள். சத்தம் கேட்டால் சிரித்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. தொப்புள் கொடி விழுந்து புண் ஆறும்வரை அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

முதுகுக்கு, உங்கள் மடியில் குப்புறப் போட்டு, தோளிலிருந்து கீழ்நோக்கித் தடவுங்கள். நித்திரையாகிவிட்டால் உடனே மல்லாக்கப் போடுங்கள்.

இதையெல்லாம் முழுதாகச் செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை. கண் விழித்து அமைதியாக உங்கள் முகத்தைப் பார்த்தால் தொடருங்கள். முகத்தைத் திருப்பினால், விரல்களை விரித்து விறைத்தால், முதுகை வளைத்தால், போதும் என்கிறது. அழுகை அதற்குப் பிறகுதான் வரும். அதுவரை காத்திருக்காமல் தூக்கிக்கொள்ளுங்கள்.

சரி, இனி அம்மம்மாக்களோடு கொஞ்சம் சண்டை. தலையை உருட்டிவிட வேண்டாம். பிரசவத்தில் நீண்ட தலை தானாகவே சரியாகும். உச்சிக்குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள்தான் மூடும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பிள்ளையின் மார்பு வீங்கியிருந்தால் பிதுக்கக் கூடாது. அது தாயின் ஹார்மோனால் வந்தது, தானாக வற்றிவிடும், பிதுக்கினால் சீழ் பிடிக்கும். மாமியிடம் நேரே சொல்லப் பயமா? “கிளினிக்கில் மிட்வைஃப் வேண்டாமென்று சொன்னா, மாமி” என்று சொல்லிப் பாருங்கள்.

இடது கையில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடத்தில் சில வாரங்களில் சின்னக் கட்டி வரும், உடைந்து ஆறும். அதில் எண்ணெயும் வேண்டாம், விரலும் வேண்டாம். 2, 4, 6 மாதத் தடுப்பூசி போட்ட பிறகு தொடையின் அந்த இடத்தையும் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு எண்ணெயே வேண்டாம். குறைமாதப் பிள்ளையென்றால் தொடங்கும் முன் வைத்தியரைக் கேளுங்கள்.

[காட்சி: துவாயில் சுற்றிய பிள்ளை.]

முடிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிக்க வார்த்துவிடுங்கள். எழும்ப முதல் உங்கள் உள்ளங்கையையும் பாதத்தையும் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிள்ளை வழுக்கும், டைல்ஸ் தரையும் வழுக்கும்.