அக்காவைப் பார்த்துத் தங்கையைச் செய்தேன்

நேயர்களுக்கு வணக்கம்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் கப்பல் கட்டுகிறேன் என்று யாரோ சொல்லப்போக, வானொலி நிலையத்தார் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள். கப்பல் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நீளம் 77 சென்டிமீட்டர். மூன்று வருஷம் எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. மீதிப் பாதியில் நானும் வீட்டம்மாவும் தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

கப்பலின் பெயர் டைட்டானிக். "இதைத்தான் ஊரே செய்கிறதே" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நானும் அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். தெரிந்த கப்பலாயிற்றே, படங்கள் கொட்டிக் கிடக்குமே, பார்த்துப் பார்த்துச் செய்துவிடலாம் என்று. இறங்கின பிறகுதான் விஷயம் புரிந்தது. கொட்டிக் கிடக்கிற படங்களில் நிறைய டைட்டானிக்கே இல்லை. அதன் அக்காவுடைய படங்கள்.

அக்காவின் பெயர் ஒலிம்பிக். இரண்டும் பெல்ஃபாஸ்டில், ஹார்லாண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில், பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை. ஒலிம்பிக் 400ஆம் எண் கப்பல், டைட்டானிக் 401. முதல் பிள்ளைக்குத்தான் எந்த வீட்டிலும் போட்டோ அதிகம், அங்கேயும் அப்படியே. 1910 அக்டோபர் 20ஆம் தேதி ஒலிம்பிக்கைத் தண்ணீரில் இறக்கியபோது, படத்தில் நன்றாக விழ வேண்டும் என்பதற்காகவே அதன் உடம்புக்கு வெளிர் நிறம் பூசினார்கள். அடுத்த வருஷம் மே 31ஆம் தேதி டைட்டானிக் இறங்கியபோது வெறும் கறுப்புதான். ஒலிம்பிக் முதல் பயணம் போய்விட்டு வந்து, ஊரெல்லாம் வேடிக்கை பார்த்து, சமையலறை முதல் படிக்கட்டு வரை படம் பிடித்து முடித்திருந்தார்கள். டைட்டானிக் 1912 ஏப்ரல் 10ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் கிளம்பியது, 15ஆம் தேதி விடிவதற்குள் கடலுக்கடியில். அதைப் படம் பிடிக்க யாருக்கு நேரம் இருந்தது? அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் வரை மட்டும் பயணம் செய்து இறங்கிவிட்ட ஃபாதர் பிரவுன் என்ற இளைஞர் எடுத்த படங்கள் நமக்குக் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். அப்போது அவர் பாதிரியார்கூட ஆகவில்லை, படித்துக்கொண்டிருந்தவர்.

விபத்து நடந்ததும் சினிமாக் கொட்டகைகளில் 'டைட்டானிக்' என்று ஓட்டின படச்சுருள்களே ஒலிம்பிக்கை எடுத்தவைதான். கூட வருகிற இழுவைப் படகுகளின் பெயர் தெரிந்தால் குட்டு உடையும் என்று, ஃபிலிமில் அந்த எழுத்துகளைச் சுரண்டிவிட்டிருக்கிறார்கள். அக்கா போட்டோவைக் காட்டித் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த கதை நம் பக்கம் கேள்விப்பட்டிருக்கிறோம். இது கொஞ்சம் பெரிய அளவில் நடந்தது. இன்றைக்கும் டைட்டானிக்கின் பெரிய படிக்கட்டு என்று சுற்றிவருகிற படங்கள் ஒலிம்பிக்கில் எடுத்தவை. கட்டினவர்களுக்கே இதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் அவர்கள் செய்த பெரிய மாதிரி ஒன்று லிவர்ப்பூல் கடல்சார் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அக்கா தங்கை இருவருக்கும் சேர்த்துச் செய்து, பிறகு வேண்டியபடி மாற்றிக்கொண்ட மாதிரி அது.

ஆகவே என் முதல் வருஷம் முழுக்கப் பசையைத் தொடவே இல்லை. படங்களைப் பரப்பி வைத்து, இது அக்கா, இது தங்கை என்று பிரித்துக்கொண்டிருந்தேன். சுலபமான அடையாளம் ஒன்று உண்டு. படகுகள் தொங்குகிற மேல்தளத்துக்குக் கீழே உள்ளது ஏ தளம். ஒலிம்பிக்கில் அது நெடுகத் திறந்த நடைபாதை. டைட்டானிக்கில் முன்பாதியை ஜன்னல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடுத்த பி தளத்தில் அக்காவுக்கு ஜன்னல்கள் ஒரே சீராக இருக்கும். தங்கைக்கு அங்கே அறைகளைப் போட்டுவிட்டதால் ஜன்னல்கள் ஒன்று நெருங்கி ஒன்று விலகி, பல் விழுந்த குழந்தை சிரித்த மாதிரி இருக்கும். ஆனால் ஏ தளத்து அடைப்பு வேலையெல்லாம் கடைசி வாரங்களில் நடந்தது. அதற்கு முன் எடுத்த டைட்டானிக் படத்தில் அந்த அடையாளம் இருக்காது. அங்கேதான் ஆள் வழுக்கி விழுவான். நானும் விழுந்தேன். ஒரு பக்கம் முழுக்க ஒட்டி முடித்துவிட்டுப் பிரித்தேன்.

இன்னொரு சிக்கல், முன்பக்கத்தில் இடது புறம் சி தளத்தில் உள்ள வட்ட ஜன்னல்கள். டைட்டானிக் தண்ணீரில் இறங்கும்போது 14 இருந்தன, கிளம்பும்போது 16. ஒலிம்பிக்கில் முதலில் 14தான். மூழ்கியது டைட்டானிக் இல்லை, இன்ஷூரன்ஸ் பணத்துக்காகப் பெயரை மாற்றி ஒலிம்பிக்கைத்தான் மூழ்கடித்தார்கள் என்று ஒரு கட்டுக்கதை உலவுகிறதே, அதற்கு இந்த ஜன்னல் எண்ணிக்கையும் ஒரு தீனி. கடலடியில் கிடக்கிற சுழல்விசிறியில் 401 என்ற எண் இருக்கிறது. கதைக்காரர்கள் அதைப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்.

சுழல்விசிறி என்றதும் ஞாபகம் வருகிறது. பிரம்மாண்டமான விசிறிகளுக்குக் கீழே தொழிலாளர்கள் எறும்பு மாதிரி நிற்கிற படம் பார்த்திருப்பீர்கள். அதுவும் அக்காதான். நடு விசிறிக்கு ஒலிம்பிக்கில் நாலு இதழ். டைட்டானிக்குக்கும் நாலு என்றே பல காலம் எல்லாரும் செய்துகொண்டிருந்தோம். பிறகு கப்பல் கட்டினவர்களின் குறிப்பேடு ஒன்று வெளியே வந்தது, அதில் 401க்கு மூன்று இதழ் என்று எழுதியிருக்கிறது. நேரில் பார்க்கலாம் என்றால் அந்த நடு விசிறி சேற்றில் புதைந்து கிடக்கிறது. குறிப்பேட்டை நம்பி, நான் வாங்கின மாதிரிக் கப்பல் பாகங்கள் பெட்டியில் வந்த நாலிதழ் விசிறியை வெட்டி மூன்றாக்கினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருவரும் கவனித்ததில்லை.

இனி வேலையைப் பற்றிக் கொஞ்சம். நான் எடுத்துக்கொண்டது 350இல் ஒரு பங்கு. அசல் கப்பல் 269 மீட்டர், அதை 350ஆல் வகுத்தால் என் மேசை. இந்தக் கணக்கில் ஒரு மனிதன் 5 மில்லிமீட்டர், ஓர் உளுந்து உயரம். உடம்புத் தகடு அசலில் ஓர் அங்குலத் தடிமன். அதை வகுத்தால் 0.07 மில்லிமீட்டர், நோட்டுக் காகிதத்தைவிட மெல்லிசு. ஆனால் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் உடம்பில் தகடுக்குத் தகடு பாத்தி கட்டின மாதிரி வரப்பு. உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் சாய்வாக விழுந்தால் மட்டும் தெரிகிற அளவுக்குக் கொண்டுவர இரண்டு மாதம் ஆனது.

தகடுகளைச் சேர்த்துப் பிணைக்கிற ஆணியான ரிவிட்டைப் பற்றிப் பேசாமல் விட்டால் பொன்மலைக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. டைட்டானிக்கில் சுமார் 30 லட்சம் ரிவிட். உடம்பின் நடுப்பகுதியில் ஹைட்ராலிக் இயந்திரத்தால் இறுக்கினார்கள். இயந்திரம் நுழைய முடியாத மூக்கிலும் வாலிலும் கையால் அடித்தது. ஒரு பையன் உலையில் ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்சித் தருவான், உள்ளே ஓர் ஆள் தலையை முட்டுக் கொடுத்துத் தாங்குவார், வெளியே இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி போடுவார்கள். ஒருவர் வலக்கைக்காரர், ஒருவர் இடக்கைக்காரர். நீராவி இன்ஜின் பாய்லரும் இப்படி உருவானதுதான். பணிமனையில் என் மூத்தவர்களுக்குக் காது மந்தமாக இருந்ததன் காரணம் எனக்குத் தெரியும். நியாயமாகப் பார்த்தால் என் மாதிரியில் ரிவிட் தெரியவே கூடாது. 350ஆல் வகுத்தால் அது ஒரு தூசி. தெரிய வேண்டாம் என்று அறிவு சொல்கிறது, வைக்கச் சொல்லிக் கை அரிக்கிறது. மூக்குப் பக்கம் மட்டும் நாலு வரிசை, ஊசி முனையில் பெயின்ட் தொட்டு வைத்தேன். தவறுதான், தெரிந்தே செய்தேன்.

கைப்பிடிக் கம்பிகள் பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுத்தவை, தனியாகக் கிடைக்கும். மூச்சுவிட்டால் பறக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். திருச்சியில் மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும். பாய்மரக் கயிறுகளுக்குத் தூண்டில் நரம்பு தடிமனாகப் போனது. மிச்சப் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் இளக்கி, ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துக்கொண்டேன்.

புகைபோக்கி நிறத்துக்குத்தான் பெரிய சண்டை. கப்பலின் சொந்தக்காரர்களான ஒயிட் ஸ்டார் கம்பெனியின் அந்த மங்கல் மஞ்சள் சரியாக எப்படி இருந்தது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொள்கிற விடை கிடையாது. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து ஊகிக்கலாமா என்றால், அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகவே விழும். மஞ்சளும் இருண்டு போகும். ஒருவர் சந்தனம் என்பார், ஒருவர் பருப்பு என்பார். நான் துவரம்பருப்பு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலந்தேன். நாலாவது புகைபோக்கியில் கொதிகலன் புகை வராது, சமையலறைப் புகைக்கும் காற்றோட்டத்துக்கும் மட்டும்தான். ஆகவே அதன் தலையில் கரி குறைவாகப் பூசினேன்.

கடைசியாக உயிர்காப்புப் படகுகள். மொத்தம் 20 படகு, 1178 பேருக்கு இடம். கப்பலில் இருந்ததோ 2200 பேருக்கு மேல். இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும். ஆனால் ஒட்டி முடித்துப் பார்த்தபோது தளத்தின் நடுவில் நீளமாக ஓர் இடம் வெறிச்சென்று கிடந்தது. ஏதோ பாகத்தை விட்டுவிட்டேன் என்று பெட்டியை மறுபடி கொட்டித் தேடினேன். ஒன்றும் விடவில்லை. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகு போதும் என்பது அன்றைய பிரிட்டிஷ் சட்டம். 46,000 டன் கப்பலுக்கும் அதே சட்டம். படகை இறக்குகிற தூக்கிகளோ இன்னொரு வரிசை படகையும் தாங்குகிற மாதிரி செய்தவை. அந்தத் தூக்கிகளை நான்தான் ஒவ்வொன்றாக ஒட்டினேன். விபத்துக்குப் பிறகு அக்காவின் தளத்தில் படகுகள் வரிசையாக ஏறிவிட்டன. அப்படி நெருக்கமாகப் படகு தெரிகிற படம் கிடைத்தால், அது 1912க்குப் பிந்தைய ஒலிம்பிக் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

டைட்டானிக் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. மேசையில் அதே கம்பெனியின் இன்னொரு பெட்டியைப் பிரித்திருக்கிறேன். மேலே டைட்டானிக் என்றுதான் போட்டிருக்கிறது, நான் செய்யப்போவது 1911 ஜூன் 14ஆம் தேதி முதல் பயணம் கிளம்பிய ஒலிம்பிக். 1935 வரை ஓடிய கப்பல், 1918இல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை முட்டியே மூழ்கடித்த கப்பல். உடைத்து விற்றபோது அதன் மரச்சுவர்களை வாங்கி, இங்கிலாந்தில் ஆல்ன்விக் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் பதித்து வைத்திருக்கிறார்கள். பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப இது மூழ்கவே இல்லையா தாத்தா?" என்றான். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு இதைச் செய்றீங்க?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான்.

நேற்று ராத்திரி இடது பக்கம் முன்புறத்தில் இரண்டு வட்ட ஜன்னல்களைப் பட்டி பார்த்து அடைத்தேன். இனி 14தான். காய்ந்ததும் தேய்க்க வேண்டும்.

வணக்கம்.