ருக்மாபாய் சொன்ன ‘மாட்டேன்’

நேயர்களுக்கு வணக்கம்.

சரி, தவறு எல்லாம் அவரவர் மனத்தைப் பொறுத்தது என்ற பேச்சைக் கல்யாண வீட்டிலும் கேட்கலாம், பல்கலைக்கழகத்திலும் கேட்கலாம். “ஒரு ஊரில் முறையாக இருப்பது இன்னொரு ஊரில் தப்பு. தாத்தா காலத்தில் சரியாக இருந்தது இன்றைக்குத் தப்பு. அப்புறம் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். தத்துவப் பாடம் நடத்திய காலத்திலிருந்தே இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பம்பாயில் நடந்த ஒரு வழக்கை வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது.

ருக்மாபாய் 1864-இல் பிறந்தவர். 11 வயதில் தாதாஜி என்பவருக்கு அவரைக் கட்டிவைத்தார்கள். கல்யாணம் ஆனதே தவிர, அவர் புகுந்த வீட்டுக்குப் போகவில்லை, தாய்வீட்டிலேயே வளர்ந்தார். தாயின் இரண்டாவது கணவர் சகாராம் அர்ஜுன் ஒரு மருத்துவர். அந்த வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. இந்தப் பெண் தானாகவே படித்துக்கொண்டார். 1884-இல் தாதாஜி நீதிமன்றம் போனார். “இவள் என் மனைவி, என்னோடு வந்து வாழ உத்தரவிடுங்கள்” என்பது வழக்கு.

ருக்மாபாய் மறுத்தார். விவரம் தெரியாத வயதில் நடந்த கல்யாணம் அது, அதற்கு நான் சம்மதம் சொன்னதே இல்லை, இவரோடு வாழ மாட்டேன் என்றார். நேயர்களே, காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்காத காலம். சம்மதம் என்று ஒன்று வேண்டும் என்றே பெரும்பாலோருக்குத் தோன்றாத காலம்.

1885-இல் நீதிபதி பின்ஹி வழக்கைத் தள்ளுபடி செய்தார். விருப்பமில்லாத பெண்ணை ஒருவரிடம் கட்டாயப்படுத்தி அனுப்புவது காட்டுமிராண்டித்தனம், கொடுமை என்று தீர்ப்பில் சொன்னார். ஊரே கொந்தளித்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழானது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபேரன் உத்தரவிட்டார்: கணவனிடம் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை. சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். அப்போது அவருக்கு வயது 22.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். சமுதாயம் எதைச் சரி என்கிறதோ அதுதான் சரி என்றால், 1887-இல் ருக்மாபாய் தப்பு. சட்டம் அவருக்கு எதிராக இருந்தது. வழக்கம் எதிராக இருந்தது. திலகர் போன்ற பெரிய தலைவரே தம் பத்திரிகையில் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர்கள் எல்லாரும் சரி, இந்த ஒரு பெண் மட்டும் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். என்னால் முடியவில்லை. உங்களாலும் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, சமுதாயம் வேண்டாம், அவரவர் மனம்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நிலைமை தேறவில்லை. தாதாஜிக்கு அது சரி, ருக்மாபாய்க்கு இது சரி, அதோடு பேச்சு முடிந்தது. பேச்சு முடிந்தால் மிச்சம் இருப்பது யார் கையில் சிறைச் சாவி என்பது மட்டுமே. மறுபடியும் சொல்கிறேன், இது முக்கியம்: ருக்மாபாய் “எனக்குப் பிடிக்கவில்லை” என்பதோடு நிறுத்தவில்லை. “இது அநியாயம்” என்றார். எனக்குப் பாகற்காய் பிடிக்காது என்றால் நீங்கள் காரணம் கேட்கமாட்டீர்கள், பேசாமல் வேறு காய் வைப்பீர்கள். அநியாயம் என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்போம். காரணம் சொன்னால் அதை உரசிப் பார்ப்போம்.

அன்றைக்கும் அப்படித்தான் உரசிப் பார்த்தார்கள். எதிர்த்தரப்பை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன், அவர்களிடமும் காரணங்கள் இருந்தன. குடும்பங்கள் கூடிச் செய்த ஏற்பாட்டை ஒருவர் உதறினால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆட்டம் காணும் என்றார்கள். நம் வீட்டு விவகாரத்தில் வெள்ளைக்காரன் மூக்கை நுழைப்பதா என்றும் கேட்டார்கள். இந்த இரண்டாவது கேள்வியில் உண்மையான வலி இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். நம் மரபைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் தூக்கிப் பிடித்த அந்த வழக்கு முறை நம் மரபே இல்லை. சேர்ந்து வாழக் கட்டாயப்படுத்தி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்குவது இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்தது. நம் தர்ம சாஸ்திரங்களில் அப்படி ஒரு வழக்கு கிடையாது. அந்த இங்கிலாந்திலேயே, உத்தரவை மீறியவரைச் சிறையில் அடைப்பதை 1884-இல் நிறுத்திவிட்டார்கள். தாதாஜி வழக்குப் போட்ட அதே வருடம். ஆக, மரபு என்ற காரணம் உரசலில் நிற்கவில்லை. வெறும் விருப்பு வெறுப்பாக இருந்தால் அதில் நிற்க என்ன இருக்கிறது, விழ என்ன இருக்கிறது?

கடைசியில் சிறை இல்லாமல் போயிற்று. 1888-இல் தாதாஜிக்கு 2,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் ஆனது. ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்தார், திரும்பிவந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல வருடங்கள் மருத்துவராக வேலை பார்த்தார். அவர் கிளப்பிய விவாதம் அடங்கவில்லை. 1890-இல் கல்கத்தாவில் புல்மணி என்ற சிறுமி, கணவன் உறவுகொண்டதில் காயமுற்று இறந்த வழக்கு வந்தது. வயது 10, 11-தான் இருக்கும். இந்த வயதுக் குழந்தைகளுக்கு என்ன நேர்கிறது என்று பெண் மருத்துவர்கள் அரசுக்கு மனுவாகவே எழுதிக் கொடுத்தார்கள். 1891-இல் சம்மத வயது, அதாவது அதற்குக் கீழே உள்ள பெண்ணோடு கணவனே உறவுகொண்டாலும் குற்றம் என்ற வயது, 10-லிருந்து 12 ஆனது. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. 1978-இல் அது 18 ஆனது.

காலத்துக்குக் காலம் மாறுகிறதே, பார்த்தீர்களா என்று இதையே எனக்கு எதிராகக் காட்டலாம். மாறியது உண்மை. எப்படி மாறியது என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன். பாவாடையின் நீளம் மாறுவதைப்போல மாறவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பார்க்காமல் இருந்த ஒரு வேதனையை மருத்துவர்கள் எழுத்தில் வைத்தார்கள், பார்த்த பிறகு பழைய காரணங்கள் செல்லுபடியாகவில்லை. 10 வயதுக் குழந்தைக்கு நடந்தது 1860-லும் கொடுமைதான். யாருக்கும் உறைக்காததால் அது கொடுமை இல்லை என்று ஆகிவிடாது.

எல்லா வேறுபாட்டையும் நான் இப்படிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாமன் மகளைக் கட்டுவது நம் பக்கத்தில் முறை, வடக்கே பல இடங்களில் அது கூடாத உறவு. இதில் ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா என்பது இரண்டு இடத்துக்கும் பொதுவான கேள்வி. இதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அடுத்தவர் வழக்கத்தைத் தீர்ப்பிடாதே என்கிறவர்களின் வாதத்தையும் எடுக்க நினைத்தேன். எடுத்தால், தீர்ப்பிடாதே என்பதும் ஒரு தீர்ப்புத்தானே என்று கேட்டிருப்பேன். நிகழ்ச்சிக்காரர் கையைக் காட்டுகிறார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தாதாஜி போட்ட அந்த வகை வழக்கை இங்கிலாந்து 1970-இல் கைவிட்டது. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 9-ஆவது பிரிவில் அது இருக்கிறது. 1983-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. கிடைத்தால் அந்த இரண்டு தீர்ப்புகளையும் படித்துப் பாருங்கள். யார் சொன்ன காரணம் நிற்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து விவாதியுங்கள். நன்றி, வணக்கம்.