கேட்டால்தான் சொல்வார்கள்

[திரையில்: மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட், விடியற்காலை, பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டம்]

வணக்கம். புற்றுநோயாளிகளோடு தினமும் பேசுகிற டாக்டர், நர்ஸ், அப்புறம் வீட்டு ஆட்கள், உங்களுக்காகத்தான் இந்த வீடியோ. சிகிச்சைச் செலவுக்கு என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம்.

மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மூன்றாவது கீமோவுக்கு வரவில்லை. போன் போட்டால், "பேத்திக்குக் காதுகுத்துங்க, அடுத்த வாரம் வந்துர்றேன்" என்றார். காதுகுத்தெல்லாம் எதுவும் இல்லை, அவர் காதில் கிடந்த தோடுதான் அடகுக்கடையில் இருந்தது, அதை வைத்துத்தான் முதல் இரண்டு கீமோவையும் முடித்திருக்கிறார். இத்தனைக்கும் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கத் தகுதியான குடும்பம். ஆஸ்பத்திரியில் எங்களில் ஒருவர்கூட, பணத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று அவரிடம் கேட்கவில்லை, அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சரி, எப்படிக் கேட்பது? "பணம் இருக்கா?" என்றால் யாராக இருந்தாலும் "இருக்குங்க" என்றுதான் சொல்வார்கள். மானம் ஒரு பக்கம், இல்லையென்றால் வைத்தியத்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். அதனால் வார்டில் பத்துப் பேர் நடுவில் கேட்காதீர்கள், தனியாக உட்காரவைத்து, "எல்லார்ட்டயும் கேக்குறதுதான் தாயி, வந்து போக எவ்வளவு ஆகுது? கூட வர்றவுகளுக்குக் கூலி போகுதா? நகை எதுவும் வச்சிருக்கீகளா, வட்டிக்கு வாங்கியிருக்கீகளா?" என்று ஆரம்பியுங்கள். மகன் பக்கத்தில் நின்றால் பெரியவர் வாய் திறக்க மாட்டார், அவனை டீ வாங்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

[திரையில்: ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று]

இதை முதல் நாளே கேட்க வேண்டும், ஏனென்றால் காப்பீடு என்பது திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முன்அனுமதி வாங்கி, கையிலிருந்து கட்டாமல் சிகிச்சை எடுப்பது. கட்டிவிட்டு அப்புறம் பில்லைக் காட்டி வாங்குவதல்ல. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கு அனுப்புங்கள்.

ஆனால் பஸ் காசும் சாப்பாடும் போன கூலியும் அந்த அட்டையில் வராது, பலர் பாதியில் நிற்பது அங்கேதான். சிகிச்சைக்காகச் சென்னைக்கு ரயிலில் போகிறவருக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் இலவசம், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. டாக்டர்களே, அதற்கான படிவத்தை நீங்களே எடுத்து நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அடுத்த கீமோ தேதியைச் சீட்டில் எழுதும்போது, "அன்னைக்கு வர்றதுக்குச் செலவுக்கு என்ன பண்ணுவீக?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேனாவைக் கீழே வைத்துக் காத்திருங்கள்.