ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தி: ஃபெல்லோஷிப் தேடும் சேலத்து மாணவர்களுக்கு

(திரையில்: ஓர் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கம். மேற்கோள் பட்டியலுக்குச் சற்று மேலே உள்ள நான்கு வரிகள் பெரிதாகின்றன.)

வணக்கம். பெரும்பாலோர் படிக்காமலே தாண்டிவிடும் இந்த நான்கு வரிகள்தாம் நன்றியுரை. இந்த ஆய்வுக்கு எந்த நிறுவனம் எந்தத் திட்டத்தின் கீழ் பணம் தந்தது, கட்டுரையை எழுதிய மாணவர் யாருடைய உதவித்தொகையில் படித்தார் என்ற விவரங்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். எம்.எஸ்சி. முடிக்கப்போகும் ஒருவர் ஃபெல்லோஷிப், அதாவது ஆய்வு உதவித்தொகை, எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தப் பத்தியைத்தான். உங்களுக்குப் பிடித்த தலைப்பில் அண்மையில் வந்த இருபது கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றின் நன்றியுரையையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் கேள்விக்குச் செலவு செய்ய முன்வருபவர்கள் யார் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

(திரையில்: கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஏற்காடு மலைப்பாதை.)

சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில், நாட்டு மரங்களின் நிழல் இருக்கும் இடத்திலும் சில்வர் ஓக் மரங்களின் நிழல் இருக்கும் இடத்திலும் மண்ணில் வாழும் பூஞ்சைகள் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய விரும்பும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இந்தக் கேள்வியை உயிரியல் என்று பார்த்தால் அவர் எழுத வேண்டியது, மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். சார்பில் தேசியத் தேர்வு முகமை நடத்தும் நெட் தேர்வு. உயிரித் தொழில்நுட்பம் என்று பார்த்தால் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையான டி.பி.டி.யின் உதவித்தொகைக்கான பெட் தேர்வையும் எழுதலாம். இயற்கைப் பாதுகாப்பு என்ற கோணத்தில் எழுதினால், பிரிட்டனின் ரஃபோர்ட் அறக்கட்டளை கள ஆய்வுகளுக்குத் தரும் சிறு நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். அதே மலையின் சார்னோகைட் பாறையை ஆராயும் அவருடைய தோழருக்கு நெட் தேர்வின் புவி அறிவியல் பாடம் பொருந்தும்.

நெட் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாணவர்களில் பலருக்கு வாசல் அதுவே. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவருக்கு, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், மதிப்பீட்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர்) ஆனதும் 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டு வாடகைப்படி தனி. தேர்வுக்கு மொத்தம் 200 மதிப்பெண். அதில் 'ஏ' பகுதி எல்லாப் பாடத்தினருக்கும் பொதுவானது. 20 வினாக்களில் 15-க்கு விடையளித்தால் 30 மதிப்பெண். பாடத்தை ஆழமாகப் படித்தவர்கள் இந்தப் பகுதியை அலட்சியமாக விட்டுவிட்டு மிகச் சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதால், தமிழ் வழியில் பயின்றவர்கள் பழைய வினாத்தாள்களை ஓராண்டு முன்னதாகவே கையில் எடுப்பது நல்லது.

(திரையில்: இரண்டு சான்றிதழ்கள் அருகருகே.)

நான் விண்ணப்பித்த ஆண்டில், பள்ளி நாளிலிருந்து வைத்திருந்த சாதிச் சான்றிதழே போதும் என்று நம்பிக் கடைசி வாரம் வரை சும்மா இருந்தேன். மாநில அரசின் சான்றிதழில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று இருக்கும். மத்திய அரசின் உதவித்தொகையில் இட ஒதுக்கீடு கேட்க, வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லாதோர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும், அதுவும் பழையதாக இருக்கக் கூடாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு நிலையாகத் தாண்டி வட்டாட்சியரின் ஒப்புதலோடு வந்து சேர நாள் பிடிக்கும். தேர்வு அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல், தேவைப்படும் ஆண்டின் தொடக்கத்திலேயே அதை வாங்கி வைத்துவிடுங்கள்.

பல்கலைக்கழக அளவில் முதல் தரவரிசை பெற்றவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையான டி.எஸ்.டி.யின் இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப் இருக்கிறது. சகோதரர் இல்லாமல் பெற்றோருக்கு ஒரே மகளாகப் பிறந்தவர்களுக்கு யு.ஜி.சி.யின் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே ஃபெல்லோஷிப் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூகங்களைச் சேர்ந்த முழுநேர ஆய்வு மாணவர்களுக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் உண்டு.

நெட் தேர்வில் தேறாதவர்கள் ஆய்வுக் கனவையே கைவிட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பேராசிரியர்களுக்குக் கிடைக்கும் ஆய்வுத் திட்டங்களில் சம்பளத்தோடு கூடிய பணியிடங்கள் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றுக்கு நெட் தகுதி கட்டாயமில்லை. உங்கள் நோட்டில், ஆய்வுகளுக்கு நிதி தந்துவந்த மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமான எஸ்.இ.ஆர்.பி. என்ற பெயர் பலமுறை வந்திருக்கும். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் இடத்துக்கு ஏ.என்.ஆர்.எஃப். (அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) வந்துவிட்டதால், புதிய அறிவிப்புகளை அந்தப் பெயரில் தேடுங்கள். திட்டம் வைத்திருக்கும் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது, அவருடைய கட்டுரை ஒன்றில் உங்களுக்கு எழுந்த ஒரே ஒரு கேள்வியைத் தெளிவாக எழுதினால், அவர் பதில் எழுத ஒரு காரணம் கிடைக்கும்.

(திரையில்: கையால் எழுதிய செலவுப் பட்டியல்.)

எந்த நிதிக்கு எழுதினாலும் செலவுப் பட்டியலை ஊர் அறிந்தவராக எழுதுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட்டுகளுக்குத் தரும் தொகை சிறியதுதான், ஆனாலும் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நம் மாணவியின் பட்டியலில் பயணம் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மாதம் இருமுறை பேருந்து, அங்கிருந்து தோட்டத்துக்கு வாடகை ஜீப், மழைக்காலத்தில் ஒரு நாள் கூடுதல் தங்கல் என்று இருக்க வேண்டும். மண் மாதிரி எடுக்கும் பைகளும், அவை சூடாகாமல் கீழே கொண்டுவர ஐஸ் பெட்டியும் அதில் வர வேண்டும். தோட்டத்தில் மாதிரி எடுக்க உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். ஒப்பீட்டுக்காகப் பக்கத்துக் காப்புக்காட்டிலும் மண் எடுப்பதாக இருந்தால் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும், அதற்கான மாதங்களையும் கால அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். மண் எடுக்கும் வேலையை முதல் மாதத்தில் போட்டுவிட்டு அனுமதியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத விண்ணப்பத்தைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு, எழுதியவர் இன்னும் அந்த மலையில் கால் வைக்கவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.