கிழியாத வேட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் 1703-இல் பிறந்த சியோ என்ற பெண் கவிஞரின் ஹைக்கூ ஒன்று, மூன்றே வரிக் குறுங்கவிதை. விடியற்காலையில் தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்குப் போகிறாள் ஒருத்தி. இரவோடு இரவாக ஒரு பூங்கொடி இறைவாளியைச் சுற்றிக்கொண்டு பூத்திருக்கிறது. அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக்கொள்கிறாள். கொடியை அறுக்க மனம் வரவில்லை என்ற பேச்சே அந்தக் கவிதையில் கிடையாது. கொடி வாளியைப் பிடித்துக்கொண்டது, தண்ணீர் கடன் வாங்கினேன், அவ்வளவுதான். மனம் வராததை நாமாகத்தான் புரிந்துகொள்கிறோம்.

கிணறும் வாளியும் பக்கத்து வீட்டுக்காரியும் நமக்குத் தெரியாதவையா? ஹைக்கூ என்றதும் பலர் ஏதோ மலை, மடாலயம், தியானம் என்று நினைத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார்கள். எனக்கு அது முதலில் கிடைத்தது எங்கள் வீட்டு மொட்டை மாடியில். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

சித்திரை மாதம். அப்பா போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. அம்மா வடகத்துக்குக் கூழ் கிண்டி வைத்திருந்தார். பச்சை மிளகாய், சீரகம், எலுமிச்சை வாசனை வீடு முழுக்க. வெயில் ஏறுவதற்குள் போட்டுவிட வேண்டுமே என்று நான் கூழ்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். அம்மா ஏற்கெனவே வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு ஓட்டை இல்லை, ஒரு கறை இல்லை.

"ஏம்மா, இது நல்ல வேட்டியாச்சே. பழசு ஒண்ணும் இல்லையா?" என்றேன்.

அம்மா கரண்டியால் கூழை ஊற்றி வட்டமாகத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பழசுக்கு எங்கேடி போறது? கட்டினாத்தானே பழசாகும்."

வடகத்துக்கு வேட்டி எப்படி வரும் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். கட்டிக் கட்டி நைந்து, ஓரம் கிழிந்து, இனி வெளியே கட்டிக்கொண்டு போக முடியாது என்றான பிறகுதான் அது மாடிக்கு வரும். கிழியாத வேட்டி மாடிக்கு வந்துவிட்டதென்றால், அதைக் கட்ட ஆள் இல்லை என்று அர்த்தம்.

அன்று ராத்திரி எழுதினேன். முதலில் எழுதியதில் 'அப்பா இல்லாத வீடு' என்று ஒரு வரி இருந்தது. 'காயாத கண்ணீர்' என்று இன்னொரு வரி. படித்துப் பார்த்தால், கேட்பவரின் கையைப் பிடித்து, இங்கே அழுங்கள் என்று நான் காட்டுவது போல இருந்தது. அம்மா அப்படியா சொன்னார்? கூழை ஊற்றிக்கொண்டேதானே சொன்னார்? ஒவ்வொன்றாக அடித்தேன். அப்பாவையும் எடுத்துவிட்டேன். கடைசியில் நின்றது இது:

இன்னும் கிழியாத வேட்டி
மாடியில் விரித்து
வடகம் இடுகிறாள் அம்மா

'கிழியாத' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டு, விளக்கம் தொடங்கும் இடத்துக்கு ஓர் அடி முன்னாலேயே நின்றுவிடுவதுதான் ஹைக்கூ என்று நான் நம்புகிறேன். எழுதுவதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம்.

ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு அசை வர வேண்டாமா என்று கேட்பீர்கள். ஜப்பானியர் எண்ணுவது ஒலி அளவை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. டோக்கியோ என்ற ஊர்ப்பெயர் அவர்கள் உச்சரிப்பில் டோ, க்யோ என்று இரண்டு நெடில், ஆகவே அவர்கள் கணக்கில் நான்கு. நம் மாத்திரைக் கணக்குக்குப் பக்கத்தில் வருகிற கணக்கு அது. தமிழில் அதைப் பிடிவாதமாக எண்ணிக்கொண்டிருந்தால் பேச்சு விறைத்துப்போகிறது என்பது என் அனுபவம். மூன்று வரி, நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அது போதும்.

ஆனால் அவர்களுடைய இன்னொரு வழக்கத்தை விடக்கூடாது என்பேன். ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்க வேண்டும். தவளை என்றால் வசந்தம். சியோவின் கிணற்றடிக் கொடி இலையுதிர் காலத் தொடக்கம். இந்தச் சொற்களைத் தொகுத்து அகராதியே வைத்திருக்கிறார்கள். நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்லி, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பிரித்து வைத்திருக்கும் மொழி நம்முடையது. நமக்கு இது அந்நியமே இல்லை. வடகம் என்றாலே வெயில் வந்துவிடுகிறது. கோலத்து நடுவில் பூசணிப்பூ என்றால் மார்கழி. 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் பாரதியார் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி, இந்த வடிவத்தை நமக்கு அறிமுகம் செய்தார். அவர் கண்ணில் இது பட்டதில் எனக்கு வியப்பில்லை.

கண்ணில் பட்டதை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டும் என்று நான் சொன்ன விதிக்கு அடங்காத ஒரு கவிதையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இஸ்ஸா என்ற கவிஞருக்குச் சின்ன வயதிலேயே தாய் போய்விட்டார். ஐம்பது வயதைத் தாண்டிக் கல்யாணம். முதல் குழந்தை பிறந்த சில நாளிலேயே இறந்தது. அடுத்தது ஒரு பெண் குழந்தை, சாத்தோ. 1819-இல் அவளை அம்மை கொண்டுபோனது. உலகம் பனித்துளி போன்றது, நிலையில்லாதது என்று சொல்லும் பௌத்தத்தில் ஊறியவர் அவர். அதைத்தான் எழுதினார்: பனித்துளி உலகம் பனித்துளி உலகம்தான். எழுதிவிட்டு, கடைசி வரியில் 'ஆனாலும்' என்று நிறுத்திவிட்டார். ஆனாலும் என்ன? குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். இருநூறு வருஷமாக அந்த 'ஆனாலும்' முடியாமலே நிற்கிறது.

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பேசுவதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நமக்குப் பழகிப்போனது எதுவும் அவர்களுக்கு இன்னும் பழகவில்லை. போன ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. விட்டதும் வாசல் விளக்கை மொய்த்துக்கொண்டு ஈசல். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டோம். காலையில் பார்த்தால் திண்ணை முழுக்க இறகு, தரை தெரியவில்லை. நான் துடைப்பத்தோடு வந்தேன். எனக்கு முன்னாலேயே பேத்தி அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஓர் இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"பாட்டி, இறகை எல்லாம் கழட்டி வெச்சிட்டு, இதுங்க எங்கே நடந்து போச்சு?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு இரண்டு வரி வந்தது:

திண்ணை நிறைய ஈசல் இறகு
பெருக்காமல் நிற்கிறது துடைப்பம்

மூன்றாவது வரி இன்னும் வரவில்லை. அடுத்த ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறேன். வணக்கம்.