ஹெலிகாப்டரை எங்கே வெட்டுவது?

வணக்கம் மக்களே! போன வீடியோவில் டிஎன்ஏவின் முழுப்பெயரைச் சொல்ல வந்து நாக்கு சுளுக்கி நின்றேனே, இன்றைக்கு அந்தக் கடனை அடைத்துவிடுகிறேன்.

அதற்கு முன் தெரிந்த சொல் ஒன்று, ஹெலிகாப்டர். இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் ஹெலி, காப்டர் என்போம். கிரேக்க மூலத்தின்படி அது ஹெலிகோ, ப்டர். முன்னது சுருள், பின்னது இறக்கை. டைனோசர் காலத்தில் பறந்த டெரோடாக்டில் பெயரிலும் அதே இறக்கைதான். ஆனால் அங்கே பி, எழுதும்போது மட்டும் இருக்கும், வாயில் வராது. ஆங்கிலத்தில் ப்ட என்று சொல் தொடங்காது. நடுவில் வந்தால் அந்த ப் முந்தைய அசையோடு ஒட்டிக்கொண்டு பிழைத்துவிடும். நெமானிக்கில் (நினைவில் வைக்க உதவும் சூத்திரம்) ஊமையாகக் கிடக்கும் எம், அம்னீஷியாவில் (மறதி நோய்) வாய் திறப்பதும் இப்படித்தான்.

யாப்பு படித்தவர்களுக்கு வகையுளி ஞாபகம் வந்திருக்கும். பொருளைப் பார்க்காமல் ஓசைக்காகச் சொல்லை உடைப்போமே, அதேதான்.

இப்போது தெர்மாமீட்டர். நாம் தெர்மா, மீட்டர் என்று இரண்டையும் ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் தெர்-மா-மி-டர். அழுத்தம் முழுக்க 'மா'வில். மீட்டர் சுருங்கி மிடர் ஆகிவிடும். இந்த அழுத்தத்தை முடிவு செய்வது சொல்லின் வால். போட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம். கிராஃபி என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவதில்: ஃப-டா-க்ர-ஃபி. பயாலஜி, மைக்ராஸ்கோபி எல்லாம் இந்த ஜாதி. இக் என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில்: ஃபோ-ட-க்ரா-ஃபிக். (அரித்மெட்டிக் போலச் சில சொற்கள் மட்டும் அடங்காது. கணக்கு என்றைக்கு நமக்கு அடங்கியது!)

ஆக, நீளமான சொல்லைக் கண்டால் வாலைப் பிடியுங்கள். இதோ, டிஎன்ஏவின் பெயரைத் தாளில் எழுதிப் பென்சிலால் கோடு போடுகிறேன், பாருங்கள். டீ | ஆக் | ஸி | ரை | போ | நியூ | க்ளீ | இக். எட்டு அசை. பின்னால் ஆசிட் சேர்த்தால் முழுப்பெயர். வால் இக், எனவே க்ளீயில் ஓங்கி அடியுங்கள். ஆக், ரை இரண்டையும் லேசாகத் தட்டினால் போதும். சிலர் க்ளே என்பார்கள், அதுவும் சரிதான்.

அந்த 45 எழுத்து நுரையீரல் நோய்ப் பெயரையும் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். அது 1930களில் அமெரிக்கப் புதிர்ப் பிரியர் ஒருவர் நீளத்துக்காகவே கட்டிய சொல். டாக்டர்கள் சிலிகோசிஸ் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.