வருகைப் பதிவும் விட்டுப்போன பாடமும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

கல்லூரியில் படித்துக்கொண்டே பல்கலைக்கழக அணிக்காகவும் விளையாடும் நம் கடற்கரைப் பிள்ளைகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றிய காலம் முழுவதும் என் மனத்தை விட்டு நீங்காத பொருள் இது.

மண்டபத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் வரும் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "விளையாட விட்டால் படிப்பு கெட்டுப்போகாதா சார்?" கெடாது என்று ஒரே சொல்லில் விடை கூறி அவர்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வந்ததில்லை. எந்த இடத்தில் கெடுகிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டால், அந்த இடத்தைக் காத்துக்கொள்ளலாம் என்பதே நான் அவர்களுக்குச் சொல்லிவந்த விடை.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலைநாட்கள். தேர்வெழுதப் பொதுவாக 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது, 22 நாட்களுக்கு மேல் விடுப்பெடுத்தால் சிக்கல். நம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டியில் நன்றாக விளையாடி, பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பயிற்சி முகாமை முடித்து, ஆந்திரத்திலோ கர்நாடகத்திலோ நடக்கும் தென்மண்டலப் போட்டிக்கு ரயிலேறி, அதிலும் தகுதி பெற்று அகில இந்தியப் போட்டி வரை சென்றுவரும் ஒரு மாணவருக்கு அந்த 22 நாட்கள் எந்த மூலைக்கும் போதா. ஆகவேதான் ஓ.டி., அதாவது ‘ஆன் டியூட்டி’, என்று நாம் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. அணிக்காகச் சென்ற நாட்களை உடற்கல்வி இயக்குநர் எழுதிக் கொடுக்க, முதல்வர் கையொப்பமிட, அந்த நாட்களும் வருகையாகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

இந்த இடத்தில் நேயர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன். ஓ.டி. வருகையைத் தரும், பாடத்தைத் தராது. பதிவேட்டில் அந்த மாணவர் வகுப்பில் இருந்தவராகிவிடுகிறார், ஆனால் அன்று கரும்பலகையில் எழுதப்பட்டது எதுவும் அவருக்குத் தெரியாது. வருகை சரியாகிவிட்டது என்ற நிம்மதியில் மாணவர் அதை மறந்துவிடுகிறார், ஆசிரியர் மறந்துவிடுகிறார், வீட்டாருக்கு அப்படி ஒன்று விட்டுப்போனதே தெரிவதில்லை. நவம்பரில் வினாத்தாளைப் பிரிக்கும்போதுதான் அது தெரியவரும். படிப்பு கெடுவது மைதானத்தில் அன்று. இந்த மறதியில்தான் கெடுகிறது.

மண்டபத்துக்கு அருகிலுள்ள ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வேதியியல் படிக்க வந்த ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தாயார் கடலில் பாசி எடுக்கச் செல்பவர். தந்தையார் நாட்டுப்படகில் தொழில் செய்பவர். கபடியில் அந்தப் பெண் ரெய்டுக்குப் போனால் எதிரணியின் பின்கோடு வரை சென்று மீள்வதைப் பார்க்கக் கல்லூரியே திரண்டு நிற்கும். முதலாண்டிலேயே பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தது. முகாமுக்குப் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது ஓ.டி. கடிதத்தைக் கேட்டு என் அறைக்கு வந்தார். திரும்பி வந்தபிறகு வாங்கிக்கொள்வதுதானே வழக்கம் என்று நான் சொன்னபோது, அவர் சொன்ன விடை இன்றும் என் காதில் நிற்கிறது. "ஓ.டி. ரிஜிஸ்டர்ல ஏறிரும் சார். டைட்ரேஷன் கையில ஏறணுமே" என்றார்.

அறிவியல் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டைட்ரேஷன் என்ற ஆய்வகச் சோதனையில், பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வரும்போது, கீழே குடுவையில் மெல்லிய இளஞ்சிவப்பு மறையாமல் தங்கும் கணத்தில் திருகை மூட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்குத் தவறிவிடும். தோழியின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வதால் இந்தக் கைப்பழக்கம் வராது. வரலாறும் தமிழும் படிப்பவர்கள் விட்டுப்போன பாடத்தைக் குறிப்பேட்டிலிருந்தும் நூலகத்திலிருந்தும் மீட்டுக்கொள்ளலாம். ஆய்வக வகுப்பை அவ்வாறு மீட்க இயலாது.

அந்தப் பெண் செய்தது இவ்வளவுதான். கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் ஆசிரியரையும் தாமே நேரில் பார்த்தார். ஆய்வகத்தில் மாணவர்கள் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு நாட்களில் வருவார்கள் அல்லவா? தமக்கு விட்டுப்போகப் போகிற சோதனைகளை மற்றப் பிரிவோடு சேர்ந்து முன்கூட்டியே செய்து முடிக்கத் துறைத்தலைவரிடம் அனுமதி பெற்றுக்கொண்டார். முன்கூட்டி முடியாதவற்றை எந்த நாளில் செய்வது என்பதையும் ரயிலேறுமுன்பே பேசிவைத்தார். ஊர் திரும்பியபின், மண்டபத்திலிருந்து இராமநாதபுரம் வரும் ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத்தில், உடன் படிக்கும் தோழியை விட்டுப்போன பாடத்தை வாய்விட்டுச் சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டே வருவார். சொல்லிக்கொடுத்த தோழிக்கும் அந்தப் பாடம் மறக்கவில்லை. அந்தப் பெண் மூன்றாண்டுகளும் அணியில் விளையாடினார், அரியர் ஒன்றும் இல்லாமல் பட்டம் பெற்றார்.

கடிதம் போட்டிக்கு முன்னால் ஆசிரியர் கைக்குச் செல்ல வேண்டும், பின்னால் அன்று. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. போட்டிக்குப் பின் வரும் கடிதம் மன்னிப்புக் கேட்பதாகவே ஆசிரியருக்குத் தோன்றும். முன்னால் வரும் கடிதமோ, "இந்தப் பாடத்தை எப்போது கற்றுக்கொள்ளட்டும்?" என்று கேட்கிறது, அப்படிக் கேட்டவரைக் கைவிட்ட ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

வகுப்பைக் கெடுப்பது பல்கலைக்கழக அணி என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில், அதைவிடக் கூடுதலாகக் கெடுப்பவை ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகள். அவற்றின்மீது எனக்குப் பகையில்லை. நம் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் அந்த மண்ணிலிருந்துதான் வந்தார்கள். ஆனால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஆட்டத்தில் உள்ளூர் அணிக்காக ஆடிவிட்டு வரும் மாணவருக்கு மறுநாள் வகுப்பும் இல்லை, மாலைப் பயிற்சியும் இல்லை, ஓ.டி.யும் இல்லை. கோப்பையும் பரிசுத் தொகையும் ஊருக்குக் கிடைக்கும். வருகைக் குறைவு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும். விழாக்குழுவினரிடம் நான் வேண்டிக்கொள்வது, கல்லூரி மாணவர்கள் உள்ள அணிகளின் ஆட்டங்களையேனும் வெள்ளி, சனி இரவுகளில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய ஆட்டத்தை நள்ளிரவுக்குள் முடித்து அனுப்புங்கள் என்பதுதான். சில ஊர்களில் பெரியவர்கள் இதற்கு இசைந்திருக்கிறார்கள்.

நேரம் முடிவதை நிலையத்தார் சைகையால் காட்டுகிறார்கள். உணவு, உறக்கம், காயம் ஆகியவை பற்றிக் குறிப்பெழுதி வந்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். காலையில் வெறும் தேநீரோடு பயிற்சிக்கு வராதீர்கள். முழங்காலில் வலி இருந்தால் அணியில் இடம் போய்விடுமோ என்று அஞ்சி அதை மறைக்காதீர்கள். பெண்பிள்ளைகளின் மாலைப் பயிற்சியை அவர்களுடைய ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டறிந்த பிறகே வகுத்துக்கொள்ளும்படி என் துறை நண்பர்களை வேண்டுகிறேன். ஏர்வாடிக்கு ஒரு நேரம், பாம்பனுக்கு வேறு நேரம்; இரண்டையும் எழுதி மைதானத்து அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். வணக்கம்.